பெயர்களைச் சொல்வதற்கான கூடல்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

என் பாட்டி ஜொகூர் ரப்பர்த் தோட்டம் ஒன்றிலிருந்து, நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து, சிங்கப்பூரில் பயிற்சி பெற்று, பர்மாவின் மேமியோ மருத்துவமனையில் காயம்பட்ட வீரர்களுக்குப் பணிவிடை செய்தவர். போருக்குப் பிறகு ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் அவருடைய தோழியரும் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்த ஆண்களும் எங்கள் வீட்டில் கூடுவார்கள். நேதாஜி படத்துக்கு விளக்கேற்றி, திரும்பி வராதவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்கள். இன்று அவர்களில் ஒருவரும் உயிருடன் இல்லை. அந்தக் கூடலைப் பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் தொடரலாமா என்று பேசியபோது, உறவினர் ஒருவர், "ஜப்பானியரோடு சேர்ந்து நின்ற படையைச் சிங்கப்பூரில் இருந்துகொண்டு எப்படிப் போற்றுவது? நம் ஆட்களை ரயில்பாதை போட இழுத்துப்போனவர்கள் யார்?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. போரையே பார்க்காத நாங்கள் இதை நடத்துவதில் பொருள் உண்டா?

இப்படிக்கு,
ஈசூனிலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

தொடருங்கள். உங்கள் உறவினரின் கேள்விக்கும் அந்தக் கூடலில் இடம் கொடுத்துத் தொடருங்கள்.

உங்கள் பாட்டியும் அவருடைய தோழியரும் சாப்பாட்டுக்கு முன் செய்ததை ஒரு சடங்காக மட்டும் எண்ணிவிட வேண்டாம். கிராஞ்சிப் போர்க் கல்லறைக்குச் சென்றால், உடல் கிடைக்காமல் போன 24,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் படையினரின் பெயர்கள் அங்குள்ள நினைவுச் சுவர்களில் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருப்பதைக் காணலாம். அவர்களுள் இந்தியப் படையினர் ஏராளம். ஓர் அரசும் அதன் அலுவலகங்களும் பதிவேடுகளைப் பாதுகாத்து, ஒவ்வொரு பெயரையும் தேடிச் சரிபார்த்ததால்தான் அந்தச் சுவர்கள் எழுந்தன. இந்திய தேசிய ராணுவத்தில் மடிந்தவர்களுக்கு அப்படி ஒரு சுவர் இங்கு இல்லை. 1945 ஜூலை 8 அன்று எஸ்பிளனேடில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச்சின்னமே பெயர் அறியப்படாத வீரருக்கானது. அதுவும், பிரிட்டிஷார் திரும்பி வந்த சில நாள்களில், அதே ஆண்டு செப்டம்பரில் தகர்க்கப்பட்டது. 1995-இல் அவ்விடத்தில் வைக்கப்பட்ட நினைவுப் பலகை நிகழ்ந்ததைச் சொல்கிறதே தவிர, யார் யார் என்று சொல்வதில்லை. இந்திய எல்லையிலுள்ள இம்பாலிலிருந்து 1944-ஆம் ஆண்டின் மழைக்காலத்தில் அந்தப் படை பின்வாங்கிய வழியெங்கும் பசியாலும் மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் விழுந்தவர்களை யாரும் உட்கார்ந்து எழுதிவைக்கவில்லை. கூட நடந்தவர்களின் நினைவு ஒன்றே அவர்களுக்குப் பதிவேடாக இருந்தது. வீழ்ந்தவனின் பெயரையும் பெருமையையும் கல்லில் எழுதி வழியோரம் நட்டு வழிபட்ட சமூகம் நம்முடையது. கல் கிடைக்காத இடத்தில் உங்கள் வீட்டுக் கூடமே ஆண்டுக்கு ஒருமுறை நடுகல்லாக நின்றிருக்கிறது. பெயர்களைச் சொல்லப் போரைப் பார்த்திருக்க வேண்டும் என்பதில்லை.

உறவினரின் கேள்வி நியாயமானது. 1942 பிப்ரவரியில் இந்தத் தீவு வீழ்ந்த உடனே ஆயிரக்கணக்கான சீனர்கள் பிரித்தெடுத்துக் கொல்லப்பட்டதையும், மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்-பர்மா ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுக் காலராவுக்கும் பட்டினிக்கும் இரையானதையும் மறைத்துவிட்டு அந்தப் படையைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. அங்கே மாண்ட நேச நாட்டுப் போர்க் கைதிகளுக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. நம் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை. ஆனாலும் தோட்டத்து லயங்களில் இந்த இரண்டு கதைகளும் தனித்தனியாக நடக்கவில்லை. ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற அச்சமே சிலரைப் படையில் சேர வைத்தது. ஜப்பானியரோடு கைகோத்த அரசியல் முடிவை வரலாற்று ஆசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். நீங்களும் விவாதிக்கலாம், கண்டிக்கவும் செய்யலாம். வெளியுலகம் அறியாத ஒரு தோட்டத்துப் பெண் வாட்டர்லூ தெரு முகாமில் துப்பாக்கி ஏந்தப் பழகி, பிறகு மேமியோவில் குண்டுவீச்சுக்கு நடுவே பிறருடைய காயங்களைக் கட்டினார் என்பது அந்த விவாதத்தால் குறைந்துபோவதில்லை. 1942 பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பார்க்கில் ஒன்றாக நிறுத்தப்பட்ட இந்தியப் போர்க் கைதிகளுள், இந்திய தேசிய ராணுவமாக உருவான புதிய படையில் சேர மறுத்தவர்களும் உண்டு. அவர்களில் பலர் நியூகினி வரை கொண்டுசெல்லப்பட்டு அங்கேயே மாண்டார்கள். முதல் நாள் வரை ஒரே பதுங்குகுழியில் கிடந்தவர்களை நாம் ஏன் பிரிக்க வேண்டும்? படையில் சேர்ந்தவர், மறுத்தவர், ரயில்பாதைக்குப் போனவர் என்று மூவகையினரின் பெயர்களையும் உங்கள் கூடலில் சொல்லுங்கள்.

உங்கள் கூடல் அக்டோபரில் நடந்து வந்தது, 1943 அக்டோபர் 22 அன்று அந்த மகளிர் முகாம் திறக்கப்பட்டதை ஒட்டியே இருக்க வேண்டும். அந்த நாளையே வைத்துக்கொள்ளுங்கள். சீருடையும் பதக்கமும் அணிந்து நின்றவர்களின் இடத்தைப் பேரப்பிள்ளைகள் நடித்துக் காட்ட வேண்டியதில்லை. விளக்கும் பெயர்களும் சாப்பாடும் போதும்.

அதற்கு முன் பாட்டி சொன்ன பெயர்கள் அனைத்தையும், எந்தத் தோட்டம், கடைசியாக எங்கே பார்த்தார்கள், இதைச் சொன்னவர் யார் என்ற விவரங்களோடு எழுதிவையுங்கள். ஒருவர் வயிற்றுக்கடுப்பில் இறந்ததாகப் பாட்டி சொல்லியிருந்தால், களத்தில் வீழ்ந்தார் என்று மாற்றிவிடாமல் அப்படியே எழுதுங்கள். அந்தச் சாவுக்கு எந்த அலங்காரமும் தேவையில்லை. 1979 முதல் இயங்கிவரும் நமது வாய்மொழி வரலாற்று நிலையத்தின் பதிவுகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்களின் குரல்களும் அவற்றில் உண்டு. உங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு அவற்றைக் கேளுங்கள். ஒரே பெயர் இரண்டு இடங்களில் வந்தால், இரண்டையும் குறித்துக்கொண்டு, அந்தக் குடும்பத்தைத் தேடிப் பார்த்து, அடுத்த கூடலுக்கு அழையுங்கள்.

அன்புடன்.