"முதல் வருஷம்தானே" என்பது சட்டத்தில் பதில் ஆகாது

கேள்வி: களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதுகிறேன் ஐயா. பாமசி ஒன்றில் வேலை செய்கிறேன். அம்பாறைக் கரையோரத்தில், பொத்துவில் போகிற பாதையில், இந்த வருஷம் முதன்முறையாக ஒரு மோட்டார் சைக்கிள் விழா வைத்தார்கள். நண்பர்கள் ஐந்து பேர் ஆளுக்கு 6,500 ரூபாய் கட்டிப் போனோம். பணத்தை ஒரு தனியாளின் வங்கிக் கணக்குக்கு அனுப்பினோம், "இடம் உறுதி" என்று வட்ஸ்அப்பில் பதில் வந்தது. இரண்டு இரவுக்குக் கூடாரம், சாப்பாடு, டீசேட், சாகச ஓட்டம், விடிய விடிய இசை, பாதுகாப்பான தரிப்பிடம் என்றெல்லாம் போஸ்டரில் போட்டிருந்தார்கள்.

வாசலில் பெயர்ப் பட்டியலே இல்லை. வெயிலில் இரண்டு மணி நேரம் நின்றோம். சில நூறு பேருக்கு இரண்டு மலசலகூடம், பின்னேரத்தோடு தண்ணீரும் முடிந்தது. எங்கள் முறை வந்தபோது மத்தியானச் சாப்பாடு தீர்ந்துவிட்டது, இரவு ஒரு நேரம்தான் சாப்பிட்டோம். கூடாரம் பாதிப் பேருக்குத்தான் கிடைத்தது, எங்களுக்கு இல்லை. சாகச ஓட்டம் நடக்கவில்லை. இரவு பத்து மணிக்குப் பொலிஸ் வந்து பாட்டை நிறுத்தியது. தரிப்பிடத்துக்கு வேறாக 200 ரூபாய் வாங்கி டோக்கன் தந்து, மணலில் நெருக்கமாக நிறுத்தச் சொன்னார்கள். தேவைப்பட்டால் நகர்த்த வேண்டும், ஹேண்டில் லொக் போடாதீர்கள் என்றும் சொன்னார்கள். இரவு காற்றுக்கு ஒரு வண்டி சாய, வரிசை முழுக்கச் சரிந்தது. என்னுடைய யமஹா எப்ஸெட்டின் டாங்கி நசுங்கி, கிளட்ச் லீவர் உடைந்தது. கராஜில் 38,500 ரூபாய் கேட்கிறார்கள். வண்டியைத் தூக்கப் போன நண்பனுக்குக் காலில் ஆறு தையல்.

கேட்டால், "முதல் வருஷம்தானே தம்பி, குறை இருக்கும். அடுத்த வருஷம் இலவசமாக வாங்க" என்கிறார்கள். கையில் கட்டிய பட்டியில் "சேதங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அச்சிட்டிருக்கிறது. மோசடி என்று பொலிஸில் கொடுக்கலாமா? விழா முடிந்து ஏழு வாரம் ஆகிறது.

பதில்: தம்பி, முதலில் நாளைக் கணக்குப் பார்ப்போம். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு நீங்கள் எழுத்தில் கொடுக்கும் முறைப்பாடு, சேவை வழங்கப்பட்ட நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. ஏழு வாரம் போய்விட்டது, மிச்சம் ஏறக்குறைய ஆறு வாரம். இப்படி வருகிற பலரும் ஏற்பாட்டாளரின் "பார்ப்போம், பேசுவோம்" என்ற பதிலை நம்பிக் காத்திருந்து இந்தக் கெடுவைத் தவற விடுகிறார்கள். நீங்கள் தவற விடக் கூடாது.

பொலிஸில் மோசடி என்று கொடுப்பதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவு சொல்லும் ஏமாற்றுதல் என்ற குற்றத்துக்கு, உங்களிடம் பணம் வாங்கும் நேரத்திலேயே நேர்மையற்ற எண்ணம் இருந்திருக்க வேண்டும். இங்கே திடல் இருந்தது, மேடை இருந்தது, ஒரு நேரச் சாப்பாடு வந்தது, நூற்றுக்கணக்கானோர் வந்தார்கள். திறமையில்லாமல் நடத்தியிருக்கிறார்கள், கவனமில்லாமல் நடத்தியிருக்கிறார்கள். அதை ஏமாற்றுதல் என்று நிரூபிப்பது கடினம். அங்கே போய் மாதக்கணக்கில் அலைவதற்குள் மேலே சொன்ன மூன்று மாதமும் கரைந்துவிடும். உங்கள் வழக்கு சிவில் வழக்கு. அதில் நீங்கள் பலமாகவே நிற்கிறீர்கள்.

ஏன் பலம் என்று சொல்கிறேன். நீங்கள் பணம் அனுப்பினீர்கள், அவர்கள் "இடம் உறுதி" என்றார்கள். அந்த நிமிடத்திலேயே ஒப்பந்தம் ஆகிவிட்டது. போஸ்டரில் இருந்த வாக்குறுதிகளை நம்பித்தான் பணம் கொடுத்தீர்கள். அது ஒப்பந்தமாவதற்குத் தாளும் முத்திரையும் வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் வட்ஸ்அப் செய்தியையும் பதிவாக ஏற்கிறது. பணம் வாங்கிச் சேவை வழங்குகிறவர் எவரும் பாவனையாளர் சட்டத்தின் கண்ணில் வர்த்தகர்தான். உரிய கவனத்தோடும் திறமையோடும் சேவையைத் தருவேன் என்ற உத்தரவாதத்தை அவர் வாயால் சொல்லாவிட்டாலும் சட்டம் ஒப்பந்தத்துக்குள் வைத்துவிடுகிறது. பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் விதத்தில் நடப்பதையும் அதே சட்டம் தடுக்கிறது. முதல் வருஷக்காரருக்குச் சலுகை என்று எந்தப் பிரிவிலும் இல்லை. அனுபவம் இல்லையென்றால் நூறு பேரோடு தொடங்கியிருக்கலாம், இரண்டு இரவை ஒரு பகலாகக் குறைத்திருக்கலாம். முழு விலையை வாங்கிவிட்டு அனுபவக் குறைவை உங்கள் தலையில் கட்ட முடியாது.

இசை நின்றதற்குப் பொலிஸைக் காட்டுவார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஒலிபெருக்கி போடப் பொலிஸ் அனுமதி வேண்டும் என்பது நம் ஊர்க் கோயில் திருவிழாக்காரர் எல்லோருக்கும் தெரியும். இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை அந்த அனுமதியைக் கொடுக்கக் கூடாது என்று 2007ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. சமய விழா போன்ற விசேட சந்தர்ப்பங்களுக்குத்தான் விலக்கு. ஆகவே "விடிய விடிய இசை" என்று போஸ்டரில் போட்ட அன்றே அது சட்டப்படி நிறைவேற்ற முடியாத வாக்குறுதி. பொலிஸ் தன் கடமையைச் செய்தது. தன்னால் கொடுக்க முடியாததை விற்றவர், தடுத்தவர் மீது பழி போட முடியாது.

காற்றைப் பற்றியும் இதே கதைதான் வரும், "இயற்கை, எங்கள் கையில் இல்லை" என்பார்கள். எங்கள் கரையில் வைகாசி, ஆனி, ஆடி மாதங்களில் கச்சான் காற்று எப்படி அடிக்கும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எதிர்பார்த்திருக்க வேண்டிய ஒன்றை எதிர்பாராத விபத்து என்று சட்டம் ஏற்காது. மணலில் சைட் ஸ்டாண்ட் போட்டால் புதையும். கடற்கரைக்குப் போகிற நம் பெடியன்கள் ஒரு தட்டைக் கல்லையோ தேங்காய்ச் சிரட்டையையோ தேடி ஸ்டாண்டுக்குக் கீழே வைப்பதை எத்தனை தரம் பார்த்திருக்கிறோம்! தரிப்பிடத்துக்குக் காசு வாங்கியவர் ஒரு பலகைத் துண்டாவது கொடுத்திருக்க வேண்டும், வண்டிக்கு வண்டி இடைவெளி விட்டிருக்க வேண்டும்.

உங்கள் வண்டி விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த சான்று அந்த 200 ரூபாய் டோக்கன். சும்மா ஒரு திடலில் நீங்களாக நிறுத்தியிருந்தால் கதை வேறு. இங்கே காசு வாங்கி, டோக்கன் தந்து, எங்கே நிறுத்துவது என்று காட்டி, லொக் போடாதீர்கள் நாங்கள் நகர்த்துவோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். வண்டியைத் தங்கள் பொறுப்பில் எடுத்திருக்கிறார்கள். நம் நாட்டில் ஒப்பந்தத்துக்கு அடிப்படையாக நிற்கும் உரோமன் டச்சுச் சட்டத்தில், பிறர் பொருளைப் பொறுப்பேற்றவர் அது சேதமானால் தன் பக்கம் கவனயீனம் இல்லை என்று காட்ட வேண்டிய நிலைக்கு வருகிறார். அவர்கள் திருப்பிக் கேட்கக்கூடிய ஒரு கேள்வி உண்டு. மணல் என்று தெரிந்தும் நீங்கள் ஏன் ஸ்டாண்டுக்குக் கீழே எதையும் வைக்கவில்லை என்பார்கள். உங்கள் பங்குக்குக் கவனயீனம் இருந்ததாகத் தீர்மானித்தால் நட்டஈடு அந்த அளவுக்குக் குறையலாம். முதலில் சாய்ந்தது உங்கள் வண்டி இல்லை என்பதைச் சொல்லக்கூடிய ஒருவரின் பெயரை இப்போதே எழுதி வையுங்கள்.

அடுத்தது கைப்பட்டியில் இருக்கும் "பொறுப்பல்ல" வாசகம். பலர் இதைப் பார்த்தே பேசாமல் வீட்டுக்குப் போகிறார்கள். ஒப்பந்தம் நீங்கள் பணம் அனுப்பிய நாளில் முடிந்துவிட்டது. பட்டி வந்தது விழா வாசலில். முடிந்துபோன ஒப்பந்தத்துக்குள் பிறகு ஒரு நிபந்தனையைச் சொருக முடியாது. போஸ்டரிலோ பணம் கட்டச் சொன்ன செய்தியிலோ அந்த வாசகம் இருந்ததா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். இருந்தாலும் பயமில்லை. 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டம் இருக்கிறது. கவனயீனத்தால் வரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்கும் பொறுப்பில்லை என்று யாரும் எழுதித் தப்ப முடியாது. பொருட்சேதம் என்றால் நிபந்தனை நியாயமானதாக இருந்தால்தான் செல்லும். தானே காசு வாங்கிப் பொறுப்பேற்ற தரிப்பிடத்தில் அது நியாயம் என்று வாதிடுவது எளிதல்ல.

யார் மீது கேட்பது? போஸ்டரில் இருப்பது ஒரு கழகத்தின் பெயர். பதிவு இல்லாத கழகம் சட்டத்தில் ஆளே இல்லை, பணம் வாங்கியவரும் வாக்குறுதி கொடுத்தவர்களும்தான் ஆட்கள். உங்கள் வங்கிச் சீட்டில் இருக்கும் அந்தப் பெயர்தான் நூல் நுனி. வியாபாரப் பெயராகப் பதிந்திருந்தால் பிரதேச செயலகத்தில் விவரம் எடுக்கலாம். இன்னொரு வழியும் உண்டு. டிக்கெட் போட்டு நிகழ்ச்சி நடத்துகிறவர் உள்ளூராட்சி சபைக்குக் களியாட்ட வரி கட்ட வேண்டும். அதற்காக யாரோ ஒருவர் அந்தப் பிரதேச சபைக்குத் தன் பெயரைக் கொடுத்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், யார் விண்ணப்பித்தார், எத்தனை டிக்கெட்டுக்கு வரி கட்டினார் என்று சபையின் தகவல் உத்தியோகத்தரிடம் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் கொடுப்பதா இல்லையா என்று அவர் தீர்மானிக்க வேண்டும். ஆயிரம் பேருக்கு டிக்கெட் விற்று முந்நூறு பேருக்கு ஏற்பாடு செய்திருந்தால், அது அங்கே தெரிய வரும். போஸ்டரில் சின்னம் போட்ட கடைகளை இதற்குள் இழுக்காதீர்கள். விளம்பரத்துக்குக் காசு கொடுத்தவர்கள் என்பதற்காக மட்டும் அவர்கள் பொறுப்பாளிகள் ஆக மாட்டார்கள்.

இனிச் செய்ய வேண்டியது. இந்த வாரமே பணம் வாங்கியவருக்கும் ஏற்பாட்டாளர்களுக்கும் பதிவுத் தபாலில் ஒரு கோரிக்கைக் கடிதம் அனுப்புங்கள், 14 நாள் அவகாசம் கொடுங்கள். கோபத்தை எழுத வேண்டாம். என்ன சொன்னார்கள், என்ன கிடைக்கவில்லை, எவ்வளவு வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள். பதில் இல்லையென்றால் உடனே முறைப்பாடு. மாவட்டச் செயலகத்தில், கச்சேரியில்தான், அதிகார சபையின் பிரிவு இருக்கிறது. 1977 என்ற இலக்கத்தில் விசாரிக்கலாம், ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நிற்காமல் எழுத்தில் கொடுத்துப் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். விசாரித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவும் நட்டஈடு கொடுக்கவும் உத்தரவிட அதிகார சபைக்கு அதிகாரம் உண்டு. ஐந்து பேரும் தனித்தனியாகக் கையெழுத்திட்டு ஒன்றாகக் கொடுங்கள்.

வண்டிச் சேதத்துக்கும் நண்பனின் காலுக்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். இந்த அளவு தொகைக்கு அங்கே போய் வராமல் நேரடியாக வழக்குப் போடவும் முடியாது. பெரும்பாலும் சனி, ஞாயிறில் ஏதாவது பாடசாலையில் கூடும். சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். இது உங்களுக்கு நல்லது என்பேன். எதிரே இருப்பவர்களும் நம் ஊர்ப் பெடியன்கள்தான். முகத்துக்கு முகம் பார்த்து டோக்கனை மேசையில் வைத்தால் பேச்சு மாறும். இணக்கம் வராவிட்டால் அதற்கான சான்றிதழைத் தருவார்கள், அதை வைத்து நீதிமன்றம் போகலாம். வாய்மொழி ஒப்பந்தத்துக்கு மூன்று வருஷம், கவனயீனத்தால் வந்த சேதத்துக்கும் காயத்துக்கும் இரண்டு வருஷம் என்று காலவரையறைச் சட்டம் சொல்கிறது. இரண்டு வருஷத்தைக் கணக்கில் வைத்து நடந்துகொள்ளுங்கள். கைச்செலவுக்கு வழியில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

எவ்வளவு கேட்பது என்பதில் என்னுடைய கருத்தைச் சொல்கிறேன். டிக்கெட் காசில் பெரும் பகுதியும் கராஜ் செலவும் நியாயமான கோரிக்கை. ஒரு நேரம் சாப்பிட்டிருக்கிறீர்கள், ஒரு பகல் இருந்திருக்கிறீர்கள், அதற்குக் கொஞ்சம் கழிக்கச் சொன்னால் விட்டுக்கொடுங்கள். மனவுளைச்சலுக்கு ஒரு இலட்சம் என்று எழுதாதீர்கள். ஒப்பந்த மீறலுக்கு அப்படியான நட்டஈடு பொதுவாகக் கிடைக்காது, மற்றக் கோரிக்கையின் மதிப்பும் குறையும். அடுத்த வருஷ இலவச டிக்கெட்டுக்கு "சரி" என்று வட்ஸ்அப்பில் பதில் போட்டுவிடாதீர்கள். அதையே முழுத் தீர்வு என்று காட்டுவார்கள். பேஸ்புக்கில் "கள்ளக் கூட்டம்" என்று ஏதும் எழுதியிருந்தால் அந்தச் சொல்லை இன்றே எடுத்துவிடுங்கள். நடந்ததை நடந்தபடி எழுத உங்களுக்கு உரிமை உண்டு, நிரூபிக்க முடியாத பட்டம் சூட்டினால் அவதூறு வழக்கில் நீங்கள் எதிராளி ஆவீர்கள்.

வண்டியைத் திருத்துவதற்கு முன் நாலு பக்கமும் படம் எடுங்கள், இரண்டு கராஜில் எழுத்தில் மதிப்பீடு வாங்குங்கள், உடைந்த லீவரை எறியாமல் வையுங்கள். முழுக் காப்புறுதி இருந்தால் கம்பனிக்கு உடனே அறிவியுங்கள், தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் உங்கள் வண்டிக்கு அதில் ஒன்றும் வராது. நண்பனின் கோரிக்கை அவருடையது, உங்கள் கடிதத்தில் சேர்த்து முடிக்க முடியாது. தையல் போட்ட வைத்தியசாலையில் தந்த துண்டு, மருந்து வாங்கிய பற்றுச்சீட்டு, வேலைக்குப் போகாத நாட்களுக்கு வேலைத்தலத்துக் கடிதம் மூன்றையும் அவர் தேடி எடுக்கட்டும். துண்டு தொலைந்திருந்தால் வைத்தியசாலையில் எழுதிக் கேட்டுப் பிரதி எடுக்கலாம். தையல் பிரித்த தழும்பை இப்போதே ஒரு படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.