லண்டன் ஃபிளாட்டின் லீஸ்: 80 வருடத்துக்குக் கீழே இறங்குமுன்

கேள்வி: லண்டனில் வேலை செய்து ஓய்வு பெற்று இப்போது உப்புவெளியில் இருக்கிறோம். ஈஸ்ட்ஹாமில் என் பெயரிலும் மனைவி பெயரிலும் உள்ள ஃபிளாட்டின் 99 வருட லீஸில் (நீண்டகாலக் குத்தகையில்) 80 வருடமும் ஏழு மாதமும்தான் மிச்சம். 125 வருடமாக்கித் தருவதாகவும், கிரவுண்ட் ரெண்ட் (நில வாடகை) வருடம் 250 பவுண் கடைசிவரை தொடரும் என்றும் நிலச் சொந்தக்காரரின் முகவர் எழுதியிருக்கிறார். புதுச் சட்டம் வரும்வரை பொறுக்கச் சொல்கிறான் மகன். என்ன செய்யலாம்?

பதில்: முகவரின் கடிதத்துக்கு ஒப்பமிட வேண்டாம். நம்மூரில் அரச காணிக் குத்தகைக்குப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துக் காத்திருப்பது போன்ற விஷயமல்ல இது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1993ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்கு உரிமையாகவே தருகிறது: மிச்சமுள்ள காலத்தோடு இன்னும் 90 வருடம், கிரவுண்ட் ரெண்ட் பூச்சியம். தனிப்பட்ட முறையில் நீட்டினாலும், 2022 ஜூன் 30க்குப் பிறகு பழைய லீஸ் முடியும் நாள் வரைதான் பழைய ரெண்டை வாங்கலாம். ‘கடைசிவரை’ என்பது சட்டத்துக்கு ஒவ்வாது.

மகன் சொல்வது 2024ஆம் ஆண்டுச் சட்டம். 990 வருட நீட்டிப்பு அதில் உண்டு. மிச்சம் 80 வருடமோ அதற்குக் கீழோ ஆனால் சேரும் ‘மரேஜ் வெலியூ’ என்ற மேலதிகத் தொகையையும் அது நீக்குகிறது. ஆனால் இதை எழுதும்போது இந்த இரண்டும் நடைமுறைக்கு வரவில்லை. உங்களிடம் இருப்பதோ ஏழு மாதம். நாங்கள் பொறுக்கச் சொல்ல மாட்டோம்.

கணக்கைப் பாருங்கள். ஃபிளாட் 3,00,000 பவுண் பெறும் என்று வையுங்கள். 80 வருடம் கழித்து நிலச் சொந்தக்காரருக்குத் திரும்ப வேண்டிய வீட்டின் இன்றைய பெறுமதி, வருடத்துக்கு 5% வீதத்தில் கழித்துப் பார்த்தால், 5,900 பவுண் அளவில். அவர் இழக்கும் ரெண்ட், 7% வீதத்தில், 3,500 சொச்சம். மொத்தம் 9,400க்குக் கிட்ட. 80ஐத் தொட்டுவிட்டால், மரேஜ் வெலியூவாக, நீட்டிப்பால் கூடும் பெறுமதியில் பாதியும் அவருக்குப் போகும். குறுகிய லீஸால் வீட்டின் விலை 20,000 குறைகிறது என்று கொண்டால், அதில் அந்த 9,400 போக மிச்சத்தின் பாதியாக மேலும் ஐயாயிரத்துக்கு மேல் கட்ட வேண்டும். அந்தக் குறைவு எவ்வளவு என்பதில்தான் இரு தரப்பு மதிப்பீட்டாளர்களும் மல்லுக்கட்டுவார்கள்.

1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி நீட்டிப்புக் கேட்டு நீங்கள் நிலச் சொந்தக்காரருக்கு நோட்டீஸ் கொடுக்கும் நாளே மதிப்பீட்டு நாள். பேச்சு இழுபட்டாலும் மிச்ச வருடங்கள் அந்த நாளைக் கொண்டே கணக்கிடப்படும். ஆகவே முதலில் லீஸின் தொடக்கத் தேதியைப் பத்திரத்தில் பாருங்கள். பதிவுத் தேதியையும் அதையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர். பிறகு மதிப்பீட்டாளர், அதன்பின் இந்த வேலை தெரிந்த சொலிசிட்டர். நோட்டீஸில் கேட்கும் விலை நியாயமானதாக இருக்கட்டும். வேண்டுமென்றே அடிமட்ட விலை எழுதினால் நோட்டீஸே செல்லாமல் போகலாம். நிலச் சொந்தக்காரரின் பதில் நோட்டீஸுக்குக் குறைந்தது இரண்டு மாதம் கொடுக்க வேண்டும். இடையில் முற்பணமாக விலையில் 10% அல்லது 250 பவுண், எது கூடவோ அதை அவர் கேட்கலாம். அவருடைய சொலிசிட்டர், மதிப்பீட்டாளரின் நியாயமான செலவும் உங்கள் தலையில்தான்.

பெரும்பாலும் பிழை நேர்வது இதற்குப் பிறகுதான். விலை ஒத்துவராவிட்டால், பதில் நோட்டீஸ் கிடைத்து இரண்டு மாதத்துக்குப் பிறகு, ஆறு மாதத்துக்குள் நியாய சபைக்கு விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் நோட்டீஸை நீங்களே மீளப் பெற்றதாகிவிடும். பன்னிரண்டு மாதத்துக்குப் புது நோட்டீஸ் கொடுக்க முடியாது. அதற்குள் உங்கள் லீஸ் 80க்குக் கீழே போயிருக்கும். பதில் நோட்டீஸே வராவிட்டால் நீங்கள் கேட்ட விலையிலேயே தரச் சொல்லி நீதிமன்றம் போகலாம். அதற்கும் ஆறு மாதக் கெடு.

புது லீஸில் இருவரும் ஒப்பமிட வேண்டும். சாட்சி அதே அறையில் இருந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வாட்ஸ்அப் வீடியோ சரிவராது. மகனுக்கு அற்றோர்னித் தத்துவம் கொடுப்பதானால் லண்டன் சொலிசிட்டர் தயாரித்த படிவத்தையே பயன்படுத்துங்கள். இங்கே நொத்தாரிசு வழமையாக எழுதும் வாசகங்கள் அங்கே ஏற்கப்படாமல் திரும்பி வரக்கூடும்.

கேள்வி: மகள் ஹரோவில் 74 வருட லீஸுள்ள ஃபிளாட் வாங்கப் போகிறாள். இரண்டு வருடம் சொந்தமாக வைத்திருந்த பிறகுதான் நீட்டலாமாமே? – நிலாவெளி வாசகி

பதில்: அந்த விதி 2025 ஜனவரி 31 முதல் இல்லை. ஆனாலும் காலம் குறைந்த லீஸுக்குக் கடன் கொடுக்க வங்கிகள் தயங்கும். முதலில் வங்கியைக் கேட்கட்டும். வங்கி மறுத்தால் விற்பவரையே நோட்டீஸ் கொடுக்கச் சொல்லலாம். அப்படிச் செய்தால், வீடு கைமாறும்போதே நோட்டீஸின் உரிமையையும் எழுத்தில் மகளுக்கு மாற்ற வேண்டும். வீடு மட்டும் மாறினால் நோட்டீஸ் செத்துவிடும். நீட்டிப்புச் செலவைக் கழித்தே வீட்டு விலையைப் பேசச் சொல்லுங்கள்.