கூடைப்பந்தில் பெரிய நட்சத்திரமாக இல்லாத ஜூனியர் பிரிட்ஜ்மன் எப்படி 140 கோடி டாலருக்குச் சொந்தக்காரர் ஆனார்? எதில் முதலீடு செய்தார்? இன்றைய வீரர்களால் அது முடியுமா?

பிரிட்ஜ்மன் பற்றி எங்கே படித்தாலும் இரண்டு எண்கள் முதலில் வந்து நிற்கும். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ-வில் 12 சீசன் ஆடி அவர் வாங்கிய மொத்தச் சம்பளம் சுமார் 29.5 லட்சம் டாலர். 2025 பிப்ரவரியில் ஃபோர்ப்ஸ் இதழ் கணக்கிட்ட சொத்து மதிப்பு 140 கோடி டாலர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், சம்பளத்தை எங்கோ போட்டார், அது தானாகக் குட்டி போட்டது என்ற எண்ணம் வருகிறது. எதில் முதலீடு செய்தார் என்று நீங்கள் கேட்டதும் அதனால்தான் என்று நினைக்கிறேன். வங்கியில் சிறுதொழில் கடன் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். எனக்கு அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிற முப்பது வருடம்தான் பெரிதாகத் தெரிகிறது. அந்த முப்பது வருடமும் அவர் கடை நடத்தினார். பதில் அதில்தான் இருக்கிறது.

அவர் இந்தியானா மாநிலத்தின் ஈஸ்ட் சிகாகோவில் 1953-ல் பிறந்தவர். பெயரில்தான் சிகாகோ, ஊர் எஃகு ஆலைகளை நம்பி வாழ்ந்த தொழிலாளர் ஊர். 1971-ல் அவருடைய பள்ளி அணி ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் மாநிலக் கோப்பையை வென்றது. அப்புறம் லூயிவில் பல்கலைக்கழகம், உளவியல் பட்டம். 1975 டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணி அவரை எட்டாவது இடத்தில் எடுத்தது. ஆனால் லேக்கர்ஸுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. சில வாரங்களிலேயே கரீம் அப்துல் ஜப்பாரை வாங்குவதற்காக மில்வாக்கி பக்ஸுக்குக் கொடுத்த நான்கு வீரர்களில் ஒருவராகப் போனார். உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரரை இழந்த ஊருக்கு அவருக்குப் பதிலாக வந்து இறங்கும் 21 வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள்.

அங்கே அவர் பெரும்பாலும் பெஞ்சிலிருந்து வரும் ஆறாவது ஆள். முதல் ஐந்து பேரில் இல்லாவிட்டாலும் மொத்தக் கணக்கில் ஆட்டத்துக்குச் சராசரி 13.6 புள்ளி எடுத்தார். பக்ஸுக்காக மட்டும் 711 ஆட்டம்; பிற்காலத்து பக்ஸ் நட்சத்திரம் யானிஸ் அன்டெடோகௌன்ம்போ வந்து முறியடிக்கும்வரை அணியின் சாதனை அதுதான். இடையில் இரண்டு சீசன் கிளிப்பர்ஸ் அணி, கடைசியாக ஒரு சீசன் மறுபடி பக்ஸ், 1987-ல் ஓய்வு. அவருடைய 2-ஆம் எண் சட்டையை அணி வேறு யாருக்கும் கொடுப்பதில்லை. அவருடைய அதிகபட்ச ஆண்டுச் சம்பளம் 3.5 லட்சம் டாலர் அளவில்தான். அன்றைய நிலைமையை ஒரு எண் சொல்லிவிடும்: 1984–85 சீசனில் சம்பள உச்சவரம்பு வந்தபோது ஓர் அணி முழுவதற்குமான வரம்பே 36 லட்சம் டாலர்.

ஆடிக்கொண்டிருக்கும்போதே, ஆட்டமில்லாத மாதங்களில் அவர் வெண்டீஸ் பர்கர் கடைக்குள் நின்று வேலை கற்றார். இதை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். விளையாட்டு வீரர் பெயரைக் கொடுப்பார், படம் எடுக்க வருவார், வேறு யாரோ கடையை நடத்துவார்கள் என்பதுதான் வழக்கமான ஏற்பாடு. இவர் கல்லாவுக்குப் பின்னால் நின்று ஆர்டர் எடுத்தார். சமையலறை எந்த நேரத்தில் திணறும், எந்த நேரத்துக்கு எத்தனை ஆள் தேவை, ஒரு நாளில் எவ்வளவு இறைச்சி வீணாகும் என்பதெல்லாம் அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும். ஓய்வு பெற்ற காலத்தில் மில்வாக்கியில் ஐந்து வெண்டீஸ் கடைகள் அவர் கைக்கு வந்தன.

ஃபிரான்சைஸ் தொழிலைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் சொத்து உருவானது இந்த இடத்தில்தான். பெயரும் சமையல் முறையும் தலைமை நிறுவனத்துடையவை. கடைக்காரர் தொடக்கத்தில் ஒரு கட்டணம் கொடுப்பார். பிறகு லாபம் வந்தாலும் வராவிட்டாலும் விற்பனையில் ஒரு சதவீதத்தை உரிமைத்தொகையாகக் கட்டுவார். விளம்பரத்துக்குத் தனியாக ஒரு பங்கு. வாடகை, கூலி, சரக்கு எல்லாம் அவர் தலையில். இத்தனையும் போக ஒரு கடையில் மிஞ்சுவது பெரிய தொகையாக இருக்காது. ஆனால் தினமும் ரொக்கம் வரும். கடன் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். வருடத்துக்கு ஒருமுறை பெரிய லாபம் காட்டுகிற தொழிலைவிட, தினம் கல்லா நிரம்பி மாதத் தவணை தவறாமல் கட்டுகிற தொழிலுக்குத்தான் அடுத்த கடன் சுலபமாகக் கிடைக்கும். ஒரு கடை ஒழுங்காக ஓடினால் அதைக் காட்டி இன்னொரு கடைக்குக் கடன் வாங்கலாம். ஐந்து கடை பத்து ஆவதும், பத்து கடை இருபது ஆவதும் இப்படித்தான். எந்தக் கூடைப்பந்துச் சம்பளமும் நூற்றுக்கணக்கான கடைகளை நேரடியாக வாங்கித் தராது. கடைகள்தான் கடைகளை வாங்கின.

1980-களின் நடுவில் வெண்டீஸ் நல்ல நிலையிலும் இல்லை. காலைச் சிற்றுண்டி விற்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. எல்லோரும் தயங்குகிற நேரத்தில், அந்தத் தொழிலை உள்ளே நின்று பார்த்தவருக்குத்தான் எது சரியாகும், எது சரியாகாது என்று தெரிந்திருக்கும். பின்னாளில் அவரிடம் 160-க்கு மேற்பட்ட வெண்டீஸ் கடைகளும், சுமார் 120 சில்லீஸ் உணவகங்களும் இருந்தன.

பணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரே வரியில் தாண்டிப் போகிற ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். 1985 முதல் 1988 வரை பிரிட்ஜ்மன் என்பிஏ வீரர்கள் சங்கத்தின் தலைவர். 1987-ல் லீக்குடன் இருந்த ஒப்பந்தம் முடிந்ததும் வீரர்கள் நீதிமன்றம் போனார்கள். டிராஃப்ட், சம்பள உச்சவரம்பு, ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய அணிக்கு இருந்த பிடி, எல்லாமே போட்டியைத் தடுக்கும் சட்டமீறல் என்பது வாதம். வழக்கின் பெயரே பிரிட்ஜ்மன் எதிர் என்பிஏ. 1988-ல் சமரசம் வந்தது. உச்சவரம்பு நீடித்தாலும், குறிப்பிட்ட காலம் ஆடி முடித்த வீரர் பழைய அணியின் தலையீடு இல்லாமல் விரும்பிய அணிக்குப் போகலாம் என்றானது. அந்த வருடம் சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸுக்குப் போன டாம் சேம்பர்ஸ்தான் அப்படிப் போன முதல் ஆள். ஏழு சுற்று நடந்துகொண்டிருந்த டிராஃப்ட் அடுத்த இரண்டு வருடத்தில் இரண்டு சுற்றாகச் சுருங்கியது. தேர்வாகாத இளைஞர்கள் எந்த அணியுடனும் பேசிக்கொள்ளலாம். வீரர்கள் லீக்கின்மேல் இதற்கு முன்பு போட்ட பெரிய வழக்குக்குத் தன் பெயரைக் கொடுத்த ஆஸ்கர் ராபர்ட்சனும் மில்வாக்கி பக்ஸில் ஆடியவர்தான்.

பிரிட்ஜ்மனுக்கு அந்தச் சமரசத்தால் ஒரு டாலர்கூடச் சம்பளமாக வரவில்லை. அவர் அதற்குள் ஆட்டத்தை விட்டிருந்தார். இன்று சில வீரர்கள் ஒரே சீசனில் 5 கோடி டாலருக்கு மேல் வாங்குகிறார்கள் என்றால் அதன் அடித்தளத்தில் அவர் உழைப்பும் இருக்கிறது. அவருடைய சொத்தைவிட இதற்காகத்தான் எனக்கு அவர்மேல் மரியாதை அதிகம்.

சரி, மீதிப் பணத்துக்கு வருகிறேன். 2016 வாக்கில் உணவகங்களில் பெரும்பகுதியை விற்றார். அந்த நேரத்தில் கோக கோலா நிறுவனம் அமெரிக்காவில் பாட்டிலில் அடைத்து விநியோகிக்கும் வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்துத் தனித்தனி உரிமையாளர்களிடம் ஒப்படைத்துக்கொண்டிருந்தது. 2017-ல் கான்சஸ், மிசௌரி, இல்லினாய் பகுதிகளுக்கான உரிமையை அவர் எடுத்தார். ஹார்ட்லேண்ட் கோக கோலா பாட்டிலிங் என்பது நிறுவனத்தின் பெயர். அடுத்த வருடம் கனடாவின் பாட்டிலிங் தொழிலில் அந்நாட்டுத் தொழிலதிபர் லேரி டானன்பாமுடன் கூட்டாளி ஆனார். 60 வயதைத் தாண்டிய பிறகு, கைவந்த தொழிலை விட்டுவிட்டுக் கிடங்கும் லாரியும் தொழிற்சாலையுமாக வேறொன்றைத் தொடங்கினார். அவர் சொத்து பில்லியன் கணக்குக்குத் தாவியது இந்தக் கட்டத்தில்தான். ஆகவே எதில் முதலீடு என்ற உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால்: பர்கர் கடைகள், அவற்றை விற்று பாட்டிலிங்.

2020 இறுதியில், திவாலான எபனி, ஜெட் இதழ்களை 1.4 கோடி டாலருக்கு வாங்கினார். 1940-களிலிருந்து கறுப்பின அமெரிக்கர்கள் தங்கள் வாழ்க்கையைக் கண்ணியமாகப் படத்தில் பார்த்தது எபனியில்தான். லாபக் கணக்கு மட்டும் பார்க்கிறவர் அதை வாங்கியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான். அவருடைய மகள் ஈடன் அதன் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 2024 செப்டம்பரில் மில்வாக்கி பக்ஸ் அணியில் 10 சதவீதப் பங்கு வாங்கினார். அந்த 140 கோடியில் இதுவும் அடக்கம். அதாவது அது வங்கிக் கணக்கில் கிடக்கும் பணம் கிடையாது, நிறுவனங்களின் மதிப்பு. 2025 மார்ச் 11 அன்று லூயிவில்லில் ஒரு நிகழ்ச்சியில் இருந்தபோது உடல்நிலை மோசமாகி இறந்தார். வயது 71.

இன்றைய வீரர்களால் முடியுமா என்பது உங்கள் கடைசிக் கேள்வி. தொடக்க மூலதனம் அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. புதிதாக வரும் வீரரின் குறைந்தபட்சச் சம்பளமே இப்போது வருடத்துக்கு 10 லட்சம் டாலருக்கு மேல். பிரிட்ஜ்மனின் 29.5 லட்சத்தை இன்றைய விலைவாசிக்கு மூன்று நான்கு மடங்காகக் கணக்கிட்டாலும், நல்ல ஒப்பந்தம் கிடைத்த வீரர் ஒரே வருடத்தில் அதை எட்டிவிடுவார். ஆனால் பணம் அதிகம் என்பது பாதுகாப்பு அல்ல. முன்னாள் என்பிஏ வீரர் அன்டோயின் வாக்கர் 10.8 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்தும் 2010-ல் திவால் மனு கொடுத்தார். செலவும் சூதாட்டமும் ஒரு பக்கம், கட்டட முதலீடுகள் இன்னொரு பக்கம். அவரை இழிவாகப் பேசுவதை நான் ஏற்கமாட்டேன். பிறகு தன் அனுபவத்தையே இளம் வீரர்களிடம் வெளிப்படையாகச் சொல்லிப் பணத்தைக் கையாளக் கற்றுக்கொடுக்கிறார். அதற்குத் தைரியம் வேண்டும்.

அப்புறம் இன்னொரு வித்தியாசம். மைக்கேல் ஜோர்டனுக்கு நைக்கி இருந்தது, ஷார்லட் அணியின் உரிமை இருந்தது. மேஜிக் ஜான்சனின் பெயரே ஸ்டார்பக்ஸ் போன்ற நிறுவனங்களைக் கூட்டுக்கு அழைத்து வந்தது. அந்த வழிகள் உச்ச நட்சத்திரங்களுக்கு மட்டுமே திறப்பவை. பிரிட்ஜ்மனின் வழி பெஞ்சில் உட்காரும் எட்டாவது, ஒன்பதாவது ஆளுக்கும் திறந்திருக்கிறது. ஆனால் அதற்கு 25 வயதில், எல்லோரும் விடுமுறைக்குப் போகிற கோடை மாதங்களில், அடுப்புச் சூட்டில் நின்று வேலை பழக வேண்டும். ஒரு இளம் வீரர் என் எதிரில் உட்கார்ந்து கடன் கேட்டால், அவருடைய சம்பள ஒப்பந்தத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்தக் கடைக்குள் எத்தனை மாதம் நின்றிருக்கிறார் என்றுதான் கேட்பேன்.