அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சுகர்... எனக்கும் வருமா?

அப்பா, அம்மா இருவருக்குமே சுகர். எனக்கு 29 வயது, ஒல்லியான உடம்பு. வெறும் வயிற்றில் 96 வந்தது. எச்சில் எடுத்துச் செய்யும் மரபணுப் பரிசோதனையைச் செய்துகொள்ளலாமா?
*– வாசகர், திண்டுக்கல்*

அந்தப் பணத்தை மிச்சப்படுத்துங்கள். பெற்றோரில் ஒருவருக்கு டைப் 2 (பெரும்பாலும் பெரியவர்களுக்கு வரும் வழக்கமான சுகர்) இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாளில் வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம்; இருவருக்கும் இருந்தால் 70 வரை போகும். எந்த லேபுக்கும் போகாமலே உங்கள் குடும்பம் இதைச் சொல்லிவிட்டது. இந்த நோயோடு தொடர்புள்ள மரபணு இடங்கள் நூற்றுக்கணக்கில் உண்டு. அவற்றில் வலுவானது என்று பெயரெடுத்த டிசிஎஃப்7எல்2 மரபணு (2006-ல் தெரியவந்தது), அதன் ஆபத்தான வடிவத்தின் ஒரு பிரதிக்கு ஏறக்குறைய 1.4 மடங்குதான் ஆபத்தைக் கூட்டுகிறது. ரிப்போர்ட்டில் சிவப்பு வந்தாலும் பச்சை வந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது மாறாது.

ஆனால் 96-ஐப் பார்த்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நம்மவர்களில் பலருக்கு வெறும் வயிற்று அளவு சரியாக இருக்கும்போதே, சாப்பாட்டுக்குப் பிந்தைய அளவு ஏறியிருக்கும். 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்துப் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள். முந்தைய 3 நாட்கள் வழக்கம்போல் சோறு, இட்லி சாப்பிட வேண்டும். சோதனை வருகிறதே என்று அரிசியை நிறுத்தினால் அளவு பொய்யாக ஏறிக் காட்டும். இரவு 8 மணி நேரமாவது வெறும் வயிறு. 250–300 மி.லி. தண்ணீரில் கரைத்ததை 5 நிமிடத்துக்குள் குடித்துவிட்டு, 2 மணி நேரம் ஒரே இடத்தில் உட்காருங்கள். நடுவில் டீ, சிகரெட், கடைத்தெரு எதுவும் கூடாது. 2 மணி நேர அளவு 140-க்குக் கீழே என்றால் நார்மல். 140 முதல் 199 வரை சர்க்கரை நோய்க்கு முன்நிலை. 200-ஐத் தொட்டால் சர்க்கரை நோய், இன்னொரு முறை பார்த்து உறுதிசெய்வார்கள். எடை மிஷினை விட இடுப்பு டேப் முக்கியம்: ஆணுக்கு 90 செ.மீ.யைத் தாண்டினால் ஒல்லி என்ற பேச்சுக்கே இடமில்லை.

கர்ப்பத்தில் சுகர் என்கிறார்கள். குழந்தையின் மரபணு மாறிவிடுமா?
*– வாசகி, கும்பகோணம்*

மரபணு எழுத்துகள் மாறாது. எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்று சொல்ல, அவற்றின் மேல் ஒட்டும் மீத்தைல் போன்ற ரசாயனக் குறிகள் மாறலாம். இதைத்தான் எபிஜெனடிக்ஸ் என்கிறார்கள். தாயின் உணவும் சத்தும் இப்படித் தடம் பதிக்கலாம் என்பதற்கு உதாரணம்: 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம். அப்போது கருவில் இருந்தவர்களை 50 வயதில் சோதித்தபோது குளுக்கோஸைக் கையாளும் திறன் குறைந்திருந்தது. பஞ்சத்தின்போது கருவானவர்களுக்கு, சுமார் 60 ஆண்டுகள் கழித்தும், உடன்பிறந்தவர்களைவிட வளர்ச்சியோடு தொடர்புள்ள ஐஜிஎஃப்2 மரபணுவில் மீத்தைல் குறைவாக இருந்தது. புனேயில் பி12 குறைவாகவும் ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட் சத்து) அதிகமாகவும் இருந்த தாய்மார்களின் குழந்தைகளுக்கு 6 வயதிலேயே இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரியாகக் கட்டுப்படாத நிலை) கூடுதல்.

இதைப் படித்துவிட்டு ஃபோலிக் ஆசிட் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். குழந்தையின் தண்டுவடத்துக்கு அது கட்டாயம். சைவம் என்றால் பி12-ஐயும் பார்க்கச் சொல்லுங்கள். இலக்கு: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்டு 2 மணி நேரத்தில் 120-க்குக் கீழ். பிரசவம் முடிந்து 6 முதல் 12 வாரத்துக்குள் அதே 75 கிராம் சோதனை. பலர் கோட்டைவிடுவது இங்கேதான். அப்போது எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) சோதனை போதாது. ரத்த இழப்பும் இரும்புச்சத்துக் குறைவும் அதைத் தப்பாகக் காட்டும்.

என் மகன், அவனுடைய அப்பா, தாத்தா மூவருக்கும் 25 வயதுக்குள் சுகர். மூவரும் ஒல்லி. மகனுக்கு டைப் 1 என்று இன்சுலின் போடுகிறோம்.
*– வாசகி, தூத்துக்குடி*

மரபணுப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்கத் தகுந்தது இங்கேதான். 'மோடி' எனப்படும் ஒற்றை மரபணுச் சர்க்கரை நோயாக இருக்கலாம். (அரசியலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) தலைமுறை விடாமல் வரும், பிள்ளைக்குக் கடத்தும் வாய்ப்பு 50 சதவீதம். முதலில் சி-பெப்டைடும் (உடல் தானே இன்சுலின் சுரக்கிறதா என்று காட்டும்) காட் ஆன்டிபாடியும் (டைப் 1-ல், அதாவது உடலே இன்சுலின் செல்களை அழிக்கும் வகையில் பெரும்பாலும் இருக்கும்) பாருங்கள். ஆன்டிபாடி இல்லாமல், சில ஆண்டுகள் கழித்தும் சி-பெப்டைடு இருந்தால் மரபணுச் சோதனைக்கு மருத்துவரிடம் கேளுங்கள். மோடியில் எச்என்எஃப்1ஏ மரபணு வகை என்றால் இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரை குறைந்த அளவிலேயே பலருக்கு வேலை செய்யும். ஜிசிகே வகைக்குப் பெரும்பாலும் மருந்தே வேண்டியதில்லை. முடிவு கையில் கிடைத்து, மருத்துவர் மாற்றித் தரும்வரை இன்சுலினை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.