திரும்பும்போது மட்டும் ரிசீவர் அணைகிறதா?

ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் மேல் தப்பில்லை, அதற்கு வரும் 5 வோல்ட்தான் சரிகிறது. ரிமோட்டில் ஓடும் டைகர் மாடல் டாங்கியை நின்ற இடத்திலேயே திருப்பினால் ரிசீவர் விளக்கு அணைந்து எரிகிறது என்கிறீர்கள். ஒரு பக்கச் செயின் முன்னும் மறுபக்கம் பின்னும் இழுக்கும்போது இரண்டு மோட்டாரும் திணறி, பேட்டரியை உறிஞ்சிவிடும்.

டாங்கியைத் தூக்கிப் பிடித்து அதே திருப்பத்தைக் கொடுத்துப் பாருங்கள். காற்றில் ஒழுங்காக ஓடி, தரையில் மட்டும் அணைந்தால் அநேகமாக இதேதான். மல்டிமீட்டரை நம்பாதீர்கள், கண நேரச் சரிவு அதில் தெரியாது.

பேட்டரியிலிருந்து நேராக ரிசீவருக்குத் தனியாக ஒரு 5 வோல்ட் யூபெக் (பேட்டரி வோல்ட்டைக் குறைத்து நிலையாகக் கொடுக்கும் சிறு சர்க்யூட்) போடுங்கள். அப்புறம் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இரண்டு ஈஎஸ்சிகளின் ரிசீவர் பிளக்கிலும், அவற்றின் 5 வோல்ட்டைக் கொண்டுவரும் நடுச் சிவப்பு ஒயரை மட்டும் கழற்றி டேப் சுற்றுங்கள். கறுப்பைத் தொட வேண்டாம், அது போனால் சிக்னலும் போச்சு.

பேட்டரியே தளர்ந்த பழசு என்றால் யூபெக்கும் காப்பாற்றாது.