எந்த மாற்றம் என்று அவரைக் கேட்டீர்களா?

கேள்வி: என் மகள் ஒரு டிரம் கோரில், அதாவது அணிவகுத்து வாசிக்கும் இசைக்குழுவில், மெல்லஃபோன் என்ற பித்தளைக் கொம்பு வாசிக்கிறாள். போன ஆகஸ்டில் இறுதிப் போட்டி பார்க்க லூகாஸ் ஆயில் அரங்கத்துக்குப் போயிருந்தோம். பின்வரிசையில் எழுபதைத் தாண்டிய இரண்டு பேர், நாற்பது வருடமாக வருகிறவர்களாம். ஒருவர் "இதெல்லாம் டிரம் கோரே இல்லை" என்று கடைசிவரை புலம்பிக்கொண்டிருந்தார். மற்றவர் எழுந்து நின்று கைதட்டினார், கண்கூடக் கலங்கியிருந்தது. மாற்றம் பிடிக்காத கிழவர்கள் வீட்டிலேயே இருந்துவிடலாமே? பிள்ளைகளின் சந்தோஷத்தை ஏன் கெடுக்க வேண்டும்?
— ஒரு வாசகி, இண்டியானாபொலிஸ்

பதில்: வீட்டில் இருங்கள் என்று அவரிடம் சொல்ல உங்களுக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. நாற்பது வருடம் டிக்கெட் வாங்கி வந்தவர், பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டே மறுபடியும் வந்து உட்காருகிறார். வெறுப்பு இருப்பவர் வரமாட்டார்.

உங்கள் கடிதத்தில் முக்கியமான ஒன்று விட்டுப்போயிருக்கிறது. எதைப் பார்த்து அவர் அப்படிச் சொன்னார்? மைக்கையா, சின்தசைசரையா, உடையையா, மைதானம் முழுக்க நிறுத்தியிருந்த மேடைகளையா? 'மாற்றம்' என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். மூட்டையை அவிழ்த்தால், அவர் சொல்வதில் சில அபத்தம், சில நூற்றுக்கு நூறு நியாயம் என்பது தெரியும்.

டிரம் கோர் என்ற இந்தக் கலை தெரியாத வாசகர்களுக்காக இரண்டு வரி. அமெரிக்கக் கால்பந்து மைதானத்தில் நூற்றைம்பது பேர் அளவில் இளைஞர்கள், ஏறத்தாழ 22 வயது வரை உள்ளவர்கள், பித்தளை ஊதுகருவிகளும் தாளக்கருவிகளும் வாசித்துக்கொண்டே அணிவகுத்து உருவங்கள் போடுவார்கள். கூடவே கொடியும் மரத்துப்பாக்கியும் வீசிச் சுழற்றும் ஒரு பிரிவு. நிகழ்ச்சி பத்துப் பன்னிரண்டு நிமிடம்தான். அதற்காகக் கோடை முழுவதும் பேருந்தில் ஊர் ஊராகப் போய், பள்ளிக்கூட ஜிம் தரையில் படுத்து, வெயிலில் நாள்முழுக்கப் பயிற்சி செய்வார்கள்.

முதலில் அபத்தமான பகுதி. "எங்கள் காலத்தில் எதுவும் மாறவில்லை" என்று யார் சொன்னாலும் அது வரலாறு இல்லை. அந்தக் காலத்தில் இந்தக் குழுக்கள் அமெரிக்கன் லீஜியன், வி.எஃப்.டபிள்யூ. போன்ற முன்னாள் படைவீரர் அமைப்புகளின் நிழலில் இருந்தன. போட்டிக்கு முன் காலணியில் தூசி இருக்கிறதா என்று சோதனை நடக்கும். தேசியக்கொடி களத்தில் இருந்தே ஆகவேண்டும். அந்த விதிகளோடு முட்டிக்கொண்டுதான் 1971-ல் சில குழுக்களின் இயக்குநர்கள் விலகி இந்தப் போட்டியை நடத்தும் டிரம் கோர் இன்டர்நேஷனலைத் தொடங்கினார்கள். 1972-ல் விஸ்கான்ஸினில் வைட்வாட்டர் என்ற ஊரில் முதல் இறுதிப் போட்டி, வென்றது அனாஹைம் கிங்ஸ்மென். இன்று பழைய ரசிகர்கள் பொற்காலம் என்று கொண்டாடும் எழுபதுகளே ஒரு கலகத்தின் பிள்ளை.

1983-ல் கார்ஃபீல்ட் கேடட்ஸ் குழுவுக்காக ஜார்ஜ் ஸிங்காலி அணிவகுப்பை வடிவமைத்தார். மைதானத்தின் நடுவில் ஓடும் ஐம்பது கெஜக் கோட்டின் இருபுறமும் ஒன்றுக்கொன்று கண்ணாடி பார்த்தாற்போல நின்ற வரிசைகளைக் கலைத்து, வளைந்து ஓடும் கோடுகளாக மாற்றினார். அந்த வருடம் பட்டம் அவர்களுக்கு, அடுத்த இரண்டு வருடமும் அவர்களுக்கே. 1993-ல் ஸ்டார் ஆஃப் இண்டியானா, இருபதாம் நூற்றாண்டு இசையமைப்பாளர்களான பார்பரின் இசையையும் பார்டோக்கின் இசையையும் எடுத்துக்கொண்டு, இறுக்கமும் இருட்டுமாக ஒரு நிகழ்ச்சியைக் கொண்டுவந்தது. அரங்கில் சிலர் ஊளையிட்டார்கள். இறுதியில் கேடட்ஸிடம் வெறும் 0.1 புள்ளியில் தோற்றது. அதோடு போட்டியைவிட்டே வெளியேறியது. இன்று எந்தப் பழைய ரசிகரைக் கேட்டாலும், மிகச் சிறந்த நிகழ்ச்சிகளைப் பட்டியல் போடும்போது அதைச் சொல்லாமல் விடமாட்டார். ஊளையிட்டவர்களும் அதில் இருப்பார்கள்.

கொம்புகளின் கதையும் இதேதான். இராணுவ பியூகிளிலிருந்து வந்தவை என்பதால் எல்லாமே ஜி சுருதி. சுரத்தை மாற்ற விரலால் அழுத்தும் வால்வு முதலில் ஒன்று, 1977-ல் இரண்டு, 1990-ல் மூன்று. 2000-ல் எந்தச் சுருதியும் வைத்துக்கொள்ளலாம் என்று விதி மாறியது. உங்கள் மகள் கையில் இருப்பது எஃப் சுருதி மெல்லஃபோன், அந்த விதியின் பலன். 'ஜி' போனதும் உயிர் போயிற்று என்று இன்றும் சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஜி கொம்புகள் சேர்ந்து உரக்க ஊதும்போது ஒரு கூர்மை இருந்தது, பழைய பதிவுகளைக் கேட்டால் எனக்கும் மயிர்க்கூச்செறிகிறது. ஆனால் அந்தக் கருவியை வாங்குவதற்கு டிரம் கோர் தவிர உலகத்தில் ஆளே இல்லை. இப்போதைய கொம்புகளை ஒரு கோடை வாசித்துவிட்டுப் பள்ளிகளுக்கு விற்கலாம். குழு பிழைப்பதற்கு அது ஒரு வழி. இதில் நான் உங்கள் மகள் பக்கம்.

பெண்கள் விஷயத்தில் விவாதத்துக்கே இடமில்லை. மேடிசன் ஸ்கௌட்ஸ் நெடுங்காலம் ஆண்கள் மட்டுமே இருந்த குழு, அண்மைக் காலத்தில்தான் கதவைத் திறந்தது. அந்தக் கதவு மூடியே இருந்திருக்க வேண்டும் என்று பின்வரிசைக்காரர் சொன்னாரானால், முகத்துக்கு நேரே மறுத்துச் சொல்லுங்கள்.

இனி அவர் நியாயத்துக்கு வருகிறேன். 2004-ல் ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு நல்ல காரணம் இருந்தது. மைதானத்தின் முன்விளிம்பில் மரிம்பா, வைப்ரஃபோன் வாசிப்பவர்கள், அறுபது எழுபது கொம்புகளை மீறிக் கேட்க வேண்டுமே என்று கடினமான கோல்களால் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார்கள். கருவியின் இயல்பான தொனி அதில் செத்துப்போகும். மைக் வந்ததும் அந்தப் பிள்ளைகள் மென்மையாக வாசிக்க முடிந்தது. அந்த மைக்கை நான் மனமார வரவேற்கிறேன். அது ஒரு கையின் வேலையைக் காதுக்குக் கொண்டுவந்தது.

2009-ல் சின்தசைசருக்கும் பதிவுசெய்த ஒலிகளுக்கும் வழி திறந்தபோது நடந்தது வேறு. டூபாக்காரர்கள் முப்பது பவுண்டு சுமையைத் தோளில் வைத்து, பின்னோக்கி ஓடி, மூச்சைப் பிடித்து அடிச்சுருதியை எழுப்புகிறார்கள். அதே நேரத்தில் ஓரத்தில் ஒருவர் விசைப்பலகையில் ஒரு விரலை வைக்கிறார். ஸ்பீக்கரிலிருந்து அதைவிடப் பெரிய அடிச்சுருதி கிளம்பி அரங்கை நிரப்புகிறது. மேலே உட்கார்ந்திருப்பவருக்கு எது மூச்சு, எது மின்சாரம் என்று பிரித்தறிய முடிவதில்லை. பழைய ரசிகர்கள் இந்த ஒலியைப் 'கூ' (goo) என்று, பிசுபிசுத்த கூழுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லால் திட்டுகிறார்கள். சரியான சொல்தான். லூகாஸ் ஆயில் அரங்கத்துக்கு இறுதிப் போட்டி போனதும் அதே 2009-ல்தான். திறந்தவெளி மைதானத்தில் கரைந்துபோகக்கூடிய ஒலி, கூரைக்கடியில் எதிரொலித்துத் தங்கிவிடுகிறது. அவருடைய எரிச்சலில் பாதி அந்தக் கட்டடத்தின்மேல் போகவேண்டியது.

இது வெறும் ரசனை வேறுபாடு என்று ஒதுக்காதீர்கள். அவர் எந்தப் பள்ளியில் கேட்கக் கற்றார் என்று பாருங்கள். எழுபதுகளில் நடுவர்கள் வாசிப்பவர்களுக்கு நடுவே நடந்துபோவார்கள். ஒரு குச்சி முந்தி விழுந்தால், ஒரு கொம்பு பிசகினால், தாளில் ஒரு கீறல், 0.1 புள்ளி குறைந்துவிடும். 1984-லிருந்து அந்த முறை இல்லை, சாதித்ததற்கு மதிப்பெண் கூட்டிக்கொடுக்கிறார்கள். புதிய முறையே மேல் என்பது என் கருத்து, பயமில்லாமல் கனவு காண அது இடம் கொடுத்தது. ஆனால் கீறல் காலத்தில் காது பழகியவருக்கு ஒவ்வொரு ஒலியும் ஒரு ஆளுடையது. தவறு யாருடையது என்று தெரியும், ஆகவே சாதனை யாருடையது என்பதும் தெரியும். அவரிடமிருந்து பறிபோனது அந்தத் தெரிதல். உங்கள் மகளின் ஒலி எது, ஸ்பீக்கரின் ஒலி எது என்று தெரியவேண்டும் என்று அவர் கேட்கிறார். பெற்ற தாய் நீங்கள், அதை அவருக்கு முன்னால் நீங்கள் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

கைதட்டிய நண்பரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரைப் 'புதுமையை ஏற்றுக்கொண்டவர்' என்று நீங்கள் நினைத்திருக்கலாம். என் அனுமானம் வேறு: முதலாமவர் தேடியது அந்த நிமிடத்தில் இவருக்குக் கிடைத்திருக்கும். அது எப்படி என்பதற்கு ஒரு உதாரணம்: 2016-ல் ஓஹாயோ மாநிலக் கான்டனைச் சேர்ந்த புளூகோட்ஸ் முதல் பட்டத்தை வென்றது. அந்த நிகழ்ச்சியில் மைதானம் நிறையப் பெரிய சாய்தளங்கள், பிள்ளைகள் வாசித்தபடி ஏறினார்கள், சறுக்கி இறங்கினார்கள். உயரத் தொப்பி இல்லை, இறகு இல்லை, பழைய இராணுவ உடையின் சாயலே இல்லை. பழமைவாதி வெறுப்பதற்கு எல்லாமே அதில் இருந்தது. கூட்டமோ "புளூ..." என்று நீட்டி முழங்கிக்கொண்டே இருந்தது. ஏனென்றால் சறுக்கியது ஒரு பிள்ளையின் உடம்பு, ஊதியது அந்தப் பிள்ளையின் மூச்சு. மேடைகளும் உடைகளும் அதை மறைக்கவில்லை. இப்படி அமையாமல், பத்து அட்டைப்பெட்டிக் கோபுரங்களுக்குப் பின்னால் வாசிப்பவர்கள் ஒளிந்துபோகும் நிகழ்ச்சிகளும் வருடாவருடம் வருகின்றன. அவற்றுக்கு நானும் கைதட்டமாட்டேன்.

மேடைகளைச் சுமக்க லாரி வேண்டும், லாரிக்கு ஓட்டுநர், டீசல். மின்கருவிகளுக்குத் தனி ஆட்கள். அந்தச் செலவில் ஒரு பங்கு உங்கள் மகளின் கட்டணத்தில் வந்து விழுகிறது. முன்னணிக் குழு ஒன்றில் ஒரு கோடைக்குப் பல ஆயிரம் டாலர் ஆகிறது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாண்டா கிளாரா வேன்கார்ட் 2018-ல் பட்டம் வென்ற குழு, பணப் பிரச்சினையால் 2023-ல் களத்துக்கே வரவில்லை. 1934-ல் தொடங்கிப் பத்துப் பட்டங்கள் பெற்ற கேடட்ஸ் 2024-ல் வழக்கும் கடன்சுமையுமாக மூடப்பட்டது. எல்லாம் மின்சாரத்தாலும் மேடைகளாலும் வந்தவை என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொன்னால் அது பொய். ஆனால் ஒரு காலத்தில் மாதா கோயிலும் படைவீரர் மன்றமும் வைத்திருந்த நூற்றுக்கணக்கான ஊர்க்குழுக்களில், காசில்லாத வீட்டுப் பையனும் ஒரு கொம்பைத் தொட்டுப் பார்த்தான். பின்வரிசைப் பெரியவரே அப்படி ஒரு பையனாக இருந்திருக்கலாம். இன்று முதல் தரப் பிரிவில் சுற்றுகிறவை இருபது சொச்சம் குழுக்கள். சுருதி மாறியதைவிட, தொப்பி போனதைவிட, இதற்காக நாம் எல்லோரும் சேர்ந்து கத்தியிருக்க வேண்டும்.

அடுத்த ஆகஸ்டில் ஒன்று செய்யுங்கள். அரங்கத்துக்குள் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே, குழுக்கள் சுதி சேர்த்துப் பழகும் வெளியிடத்துக்குப் போங்கள். அங்கே கொம்புகள் வளைவாக நிற்கும், ஸ்பீக்கர் இருக்காது, கூரை இருக்காது. பத்தடி தூரத்தில் நின்று கேட்கலாம், முதல் சுரம் நெஞ்செலும்பில் வந்து இடிக்கும். பழைய ரசிகர்கள் அங்கேதான் கூடுவார்கள், புலம்பிய பெரியவரும் நிச்சயம் வந்திருப்பார். எந்த வருடம், எந்தக் குழுவில் வாசித்தீர்கள், என்ன கருவி என்று கேளுங்கள். மெல்லஃபோன் வரிசையில் மூன்றாவதாக நிற்பது என் மகள் என்று சொல்லி, அவரை முன்னால் நிற்கவையுங்கள்.