செஞ்சியில் உருண்டைப் பாறை, கடலூரில் செம்மண்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் குடும்பத்தோடு செஞ்சிக் கோட்டைக்குப் போயிருந்தோம். பாறைகள் உருண்டை உருண்டையாக அடுக்கிவைத்தாற்போல் நிற்கின்றன. வெயில்தான் அவற்றை வெடிக்கவைத்து இப்படி ஆக்கியது என்றார் உடன் வந்தவர். அதே வெயில் காயும் எங்கள் கேப்பர் மலை மட்டும் ஏன் கை பட்டாலே உதிர்கிற செம்மண்ணாக இருக்கிறது?

வாசகர், கடலூர் முதுநகர்

அன்புள்ள நண்பருக்கு,

பாறையைத் தின்பது பெரும்பாலும் தண்ணீர்தான். 1936-இல் அமெரிக்கப் புவியியலாளர் டேவிட் கிரிக்ஸ் ஒரு கருங்கல் துண்டை 89,400 முறை சூடாக்கி ஆறவைத்தார். அது 244 ஆண்டுகளின் பகலிரவுக்குச் சமம். காய்ந்த கல்லில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. தண்ணீர் தெளித்து ஆறவைத்ததும் சில நாட்களிலேயே பளபளப்பு மங்கி, விரிசல் விட்டது. சிறு துண்டில் நடந்ததை மலைக்கு அப்படியே பொருத்த முடியாது. வெயிலுக்குப் பங்கே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் நீரில்லாத வெயிலால் அதிகம் சாதிக்க முடியாது.

மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அது கருங்கல்லிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தை மெல்ல மெல்லக் களிமண்ணாக்குகிறது. குவார்ட்ஸ் என்ற இன்னொரு கனிமம் எளிதில் மசியாமல் மணலாக மிஞ்சுகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினால் இத்தகைய வினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். வெயிலின் பெரிய வேலை இதுதான். குளிர்நாடுகளில் கதை வேறு: வெடிப்பில் தேங்கிய நீர் உறைந்து 9 சதவீதம் பருத்து, பாறையைப் பிளக்கிறது.

செஞ்சிப் பாறைகள் உருண்டையானது மண்ணுக்கு அடியில். வெடிப்புகளின் வழியே இறங்கிய ஈரம், கட்டம் கட்டமாகப் பிளந்திருந்த பாறையைச் சூழ்ந்தது. மூலைகளை மட்டும் அது மூன்று பக்கத்திலிருந்தும் தாக்கியதால் அவை முதலில் மக்கின. பின்னர் மக்கிய மண்ணை மழை அடித்துப்போக, உருண்டைகள் வெளியே வந்தன. இப்போது வெட்டவெளியில் மழை வழிந்தோடிக் கல் சீக்கிரம் உலர்ந்துவிடுகிறது. அதனால்தான் அவை நின்று நிலைக்கின்றன.

கேப்பர் மலையோ கருங்கல்லே அல்ல. கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் உங்கள் ஊர்ப் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். வேறெங்கோ சிதைந்த பாறைகளின் மணலும் களியும் நீரோடு வந்து படிந்து இறுகியது அது. ஒரு கட்டியை உடைத்துப் பாருங்கள்: குவார்ட்ஸ் மணிகள் மின்னும், அவற்றைச் சுற்றியுள்ள சிவப்பு விரலில் ஒட்டும். மழையும் சூடும் மாறி மாறி வந்ததில் இரும்பு துருவேறிய நிறம் அது.

மரம் இழந்த சரிவுகளில் இந்த மண்ணை ஐப்பசி, கார்த்திகை அடைமழை வாய்க்கால் வாய்க்காலாக அறுத்துவிடும். அப்படிப்பட்ட மண்ணை லாரி லாரியாக அள்ளிப்போவதைக் காணும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.